ஜெயித்தவன் தூங்கலாமா?

நம் மக்களுக்கு வழக்கில் தோற்றால் தலைவிதி. ஜெயித்தால் தெய்வ சகாயம். தோற்றதற்கும் அவர்கள் பொறுப்பாளியல்ல; ஜெயித்ததற்கும் அவர்கள் பொறுப்பாளியல்ல. இந்தப் பொறுப்பில்லாத்தனத்தின் பலன் என்னவென்றால், பல வருஷம் கோர்ட்டு வாசலில் காத்துக் கிடந்து ஜெயித்த வழக்கைக்கூட ஒரு மாதத் தூக்கத்தில் கைநழுவ விட்டுவிட்டு, பிறகு “எல்லாம் கிரகச்சாரம்” என்று நெற்றியில் அடித்துக் கொள்ளுகின்றார்கள். இந்தக் கிரகச்சாரத்தின் யோக்கியதை என்ன என்பதையும், இதற்குப் பரிகாரம் எந்தக் கோயிலிலும் இல்லை, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ என்னும் பிரிவில்தான் இருக்கின்றது என்பதையும் எடுத்துச் சொல்லவே இதை எழுதுகின்றோம்.

நமக்குத் தெரிந்த ஒரு சங்கதியைச் சொல்லுகின்றோம். பெயர் வேண்டியதில்லை. பாலக்கரையில் உய்யக்கொண்டான் வாய்க்காலுக்குச் சமீபத்தில் ஒரு சிறு வீடு. முன்பக்கம் ஒரு கடை, பின்பக்கம் குடியிருப்பு. வீட்டுக்குச் சொந்தக்காரர் நம் இயக்கத் தோழர். புரோகிதனில்லாமல், ஓமமில்லாமல், பத்துப் பேர் எதிரில் மாலை மாற்றிக் கொண்டு வாழ்ந்தவர். அவர் இறந்து கருமாதிச் சோறு எதிர்பார்த்தவர்களின் ஏமாற்றம் தீருமுன்பே, அவருடைய தம்பி வீட்டைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக் கொண்டான். “தாலி கட்டவில்லை, மந்திரம் சொல்லவில்லை, ஆகையால் நீ என் அண்ணனுக்குப் பெண்சாதியே அல்ல” என்றான். அந்த அம்மாள் வழக்குப் போட்டு, ஆறு வருஷம் அலைந்து, கடைசியில் ஜெயித்தார். கல்யாணம் செல்லும், வீடு இவருக்கே, சுவாதீனம் ஒப்படைக்க வேண்டியது என்று டிக்ரி ஆயிற்று. அப்பொழுது ஆனி மாதக் கடைசி.

அதன்பின் நடந்ததைக் கவனியுங்கள். அந்த அம்மாளின் தாயார் மகளைச் சமயபுரத்துக்கு அழைத்துப்போய் வேண்டுதல் செலுத்தினார். டிக்ரியை நிறைவேற்ற மனுப் போட்டு அமீனாவை அழைத்துப் போகலாமா என்று கேட்டதற்கு, தெருக்கோடி ஜோசியன் “ஆடி ஆகாது, ஆவணி பிறக்கட்டும்” என்று தவணை கொடுத்தான். பக்தர்களைத்தான் குற்றம் சொல்லுகின்றோம் என்று நினைக்க வேண்டாம். பகுத்தறிவுக்காரர்களாகிய நாம் என்ன செய்தோம்? கூட்டம் போட்டோம். அந்த அம்மாளுக்குச் சால்வை போர்த்தினோம். “சுயமரியாதைத் திருமணத்துக்கு வெற்றி” என்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். “அம்மா, அவன் அப்பீலுக்குப் போனால் என்ன ஏற்பாடு?” என்று நம்மில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேட்டவன் அந்தத் தம்பி ஒருவன்தான். தீர்ப்புச் சொன்ன அன்றைக்கே அவன் நகலுக்கு மனுப் போட்டுவிட்டான். ஆடி மாதத்திலேயே அப்பீலும், அதோடு டிக்ரியை நிறுத்தி வைக்கும்படி ஸ்டே மனுவும் தாக்கல் செய்தான். ஆடி மாதம் அவனுக்கு மாத்திரம் ஆகாத மாதமல்லவாம்! மேல்கோர்ட்டில் அன்று எதிர்த்தரப்புக்காக எழுந்து நிற்க யாரும் இல்லை. வக்கீல் ஒரு பக்கத்தைச் சொன்னார். ஜட்ஜ் அந்த ஒரு பக்கத்தைக் கேட்டார். இடைக்கால ஸ்டே பிறந்தது. ஆவணி பிறந்து நல்ல நாளில் அந்த அம்மாள் கோர்ட்டுக்குப் போனபோது அவருக்குக் கிடைத்தது வீடல்ல, நோட்டீசு.

“அண்ணே, ஜெயிச்சது நான்தானே? என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படி நிறுத்துனாங்க?” என்று நம்மிடம் வந்து அந்த அம்மாள் கேட்டபோது நமக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கு நாலு வருஷமாகின்றது. தம்பி முன்பக்கத்துக் கடை வாடகையை மாதாமாதம் வாங்கித் தின்கின்றான். ஜெயித்த அம்மாள் அடுத்த தெருவில் வாடகை கொடுத்துக் கொண்டு குடியிருக்கின்றார். நமக்குப் பதில் வராத அந்தக் கேள்வியிலேதான் நாம் சொல்ல வந்த விஷயம் முழுவதும் இருக்கின்றது.

“என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்” என்று முன்கூட்டியே கோர்ட்டில் எழுதிக் கொடுத்து வைப்பதற்குச் சட்டத்தில் வழி இருக்கின்றது. அதற்குப் பெயர் கேவியட் மனு. லத்தீன் மொழியில் “எச்சரிக்கையாயிருக்கக் கடவது” என்று அதற்குப் பொருள். உயில் வழக்குகளுக்கு மாத்திரம் 1925-ம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டத்தில் இது இருந்து வந்தது. மற்ற சிவில் வழக்குகளுக்கும் பொதுவாக 1976-ம் வருஷத்துத் திருத்தச் சட்டத்தின் மூலம் 148-ஏ என்னும் பிரிவாகச் சேர்க்கப்பட்டு, 1977-ம் வருஷம் பிப்ரவரி 1-ந் தேதி முதல் அமுலில் இருக்கின்றது. அதாவது ஏறக்குறைய அய்ம்பது வருஷமாக இருக்கின்ற வழி. அஷ்டமி நவமி எப்பொழுது வருமென்று விரல் விட்டுச் சொல்லத் தெரிந்த நம் மக்களில் எத்தனை பேருக்கு இந்தப் பிரிவு தெரியும் என்று கேட்கின்றோம்.

அது வேலை செய்யும் விதம் இதுதான். எதிரி ஒரு மனுப் போடுவான் என்று எதிர்பார்க்கின்றவர், அந்த மனு எந்தக் கோர்ட்டுக்குப் போகுமோ அந்தக் கோர்ட்டில் கேவியட் தாக்கல் செய்ய வேண்டும். எதிரிக்கும் ஒப்புச்சீட்டோடு கூடிய பதிவுத் தபாலில் அதைத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் எதிரி மனுப் போட்டால் கோர்ட்டு கேவியட் போட்டவருக்கு நோட்டீசு கொடுக்க வேண்டும். எதிரியும் தன் மனுவின் நகலையும் ஆதாரங்களின் நகலையும், நம் செலவில், நமக்குக் கொடுக்க வேண்டும். இந்தக் கேவியட்டின் ஆயுள் 90 நாள். அவ்வளவுதான். இதில் மந்திரமுமில்லை, மாயமுமில்லை.

கேவியட் போட்டுவிட்டால் ஸ்டே வரவே வராது என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் தாயத்து விற்கின்றவனுக்கும் நமக்கும் வித்தியாசமில்லாமல் போய்விடும். கேவியட் ஒரு தடையுத்தரவு அல்ல. அப்பீல் போடும் உரிமையை அது பறிப்பதுமில்லை. இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு ஜட்ஜ் ஸ்டே கொடுத்தாலும் கொடுக்கலாம். ஆனால் கேட்டுவிட்டுக் கொடுப்பதற்கும் கேளாமல் கொடுப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. அப்பீல் போட்டதனாலேயே டிக்ரி நின்றுவிடாது என்று 41-வது உத்தரவின் 5-வது விதி சொல்லுகின்றது. ஸ்டே கேட்கின்றவன் தனக்குப் பெருநஷ்டம் வருமென்று காட்ட வேண்டும், தாமதமில்லாமல் வந்திருக்க வேண்டும், ஜாமீன் கொடுக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கின்றது. இதையெல்லாம் அன்று எடுத்துச் சொல்ல ஒரு வக்கீல் எழுந்து நின்றிருந்தால், “ஸ்டே வேண்டுமானால் கடை வாடகையை மாதாமாதம் கோர்ட்டில் கட்டட்டும்” என்று கேட்டிருப்பார். ஸ்டே வந்திருந்தாலும் நிபந்தனையோடு வந்திருக்கக்கூடும். வாடகை தம்பியின் வாயில் போகாமல் கோர்ட்டு இருப்பில் இருந்திருக்கும். சும்மா கிடைத்த ஸ்டேயை விட்டுவிட அவனுக்கு என்ன பைத்தியமா? விலை கொடுத்து வாங்கிய ஸ்டேயானால் அவனே வழக்கை முடிக்க ஓடி வருவான்.

“இடைக்காலந்தானே” என்று சிலர் அலட்சியமாய்ப் பேசுகின்றார்கள். இடைக்காலம் எவ்வளவு காலம் என்பதை ஸ்ரீரங்கத்தில் கேளுங்கள். எல்லா ஜாதியாரும் அர்ச்சகராகலாம் என்று 2006-ல் தமிழ்நாடு அரசாங்கம் உத்தரவு போட்டு, பயிற்சிப் பள்ளிக்கூடங்கள் ஏற்படுத்திற்று. வைணவக் கோயில்களுக்கான பள்ளிக்கூடங்களில் ஒன்று ஸ்ரீரங்கத்திலேயே நடந்தது. சிவாச்சாரியார்கள் நேரே சுப்ரீம்கோர்ட்டுக்குப் போய் அவ்வருஷமே தடை வாங்கினார்கள். இருநூறு பேருக்கு மேற்பட்ட பிள்ளைகள் பயிற்சி முடித்துச் சர்டிபிகேட்டைக் கையில் வைத்துக் கொண்டு நின்றார்கள். தீர்ப்பு வந்தது 2015-ம் வருஷம் டிசம்பர் 16-ந் தேதி. அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு வேலை உத்தரவு கிடைத்தது 2021 ஆகஸ்டில். இருபது வயதில் படித்து முடித்தவனுக்கு அதற்குள் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. அந்த வழக்கில் கேவியட் இருந்தால் தடை வந்திராது என்று நாம் சொல்லவில்லை. இடைக்கால உத்தரவு என்பது ஒரு மனிதனின் வாலிபத்தையே தின்று தீர்க்கக்கூடியது என்பதற்குச் சொல்லுகின்றோம்.

விவரம் தெரிந்தவர்கள் எப்படி நடந்து கொள்ளுகின்றார்கள் என்றும் பாருங்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மாணவர்கள் மெரினாவில் கூடினார்கள். அரசாங்கம் அவசரச் சட்டம் செய்து பிறகு சட்டசபையில் சட்டமாக்கிற்று. மாடு பிடிப்பதைப் பற்றி நம் அபிப்பிராயம் வேறு விஷயம். ஆனால் சட்டம் செய்த கையோடு அரசாங்கம் என்ன செய்தது? பொங்கல் வைத்துக் கொண்டாடிவிட்டுப் படுத்துக் கொள்ளவில்லை. சுப்ரீம்கோர்ட்டில் கேவியட் போட்டது. எதிர்த்தவர்கள் போனார்கள், இரு தரப்பும் நின்றது, சட்டத்துக்குத் தடை விதிக்க அந்த ஜனவரி 31-ந் தேதி கோர்ட்டு மறுத்துவிட்டது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கிலும் அப்படியே. 2020 ஆகஸ்டு 18-ந் தேதி சென்னை அய்க்கோர்ட்டு ஆலையைத் திறக்க முடியாது என்று சொன்னவுடனே தமிழ்நாடு அரசாங்கம் டில்லியில் கேவியட் போட்டு வைத்தது. கம்பெனி அப்பீலுக்குப் போகத்தான் செய்தது. இடைக்காலமாகத் திறக்கக் கேட்டதையும் கோர்ட்டு அவ்வருஷம் டிசம்பரில் மறுத்து, 2024 பிப்ரவரி 29-ந் தேதி அப்பீலையே தள்ளிவிட்டது. இந்த வெற்றிகளெல்லாம் கேவியட்டால் மட்டும் வந்தவை என்று எவனும் சொல்ல மாட்டான். ஆனால் படையும் பணமும் அட்வகேட் ஜெனரலும் வைத்திருக்கின்ற அரசாங்கமே ஜெயித்த மறுநாள் தூங்கவில்லையென்றால், ஒரு டிக்ரிக் காகிதத்தைத் தவிர வேறொன்றுமில்லாத பாலக்கரை அம்மாள் தூங்கலாமா? தூங்கும்படி நாம் தாலாட்டலாமா?

நமக்கு இந்தப் பாடம் புதிதுமல்ல. 1928-ல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் தொடங்கி ஆயிரக்கணக்கான சுயமரியாதைத் திருமணங்கள் நடந்தன. ஊர் ஒப்புக் கொண்டுவிட்டது, இனி என்ன என்று இருந்தோம். 1953-ல் ஒரு வழக்கில், சடங்கில்லாத கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று சென்னை அய்க்கோர்ட்டு சொல்லிவிட்டது. பெற்ற பிள்ளைகள் எல்லாம் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணுக்கு வாரிசில்லாதவர்களாகும் நிலைமை வந்தது. அந்தக் காயம் ஆற 1967-ல் அண்ணாதுரை மந்திரிசபை இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்க்க வேண்டியிருந்தது. முன்னால் நடந்த திருமணங்களும் அதனால் செல்லுபடியாயின. அதற்குப் பிறகும் 2014-ல் ஒரு தீர்ப்பு அதைக் குறுக்கிற்று. 2023 ஆகஸ்டு 28-ந் தேதிதான் சுப்ரீம்கோர்ட்டு அந்தக் குறுக்கலை நீக்கிற்று. பாலக்கரைத் தம்பி பேசிய வாதத்துக்கு எழுபது வயது! செத்துவிட்டது என்று நாம் நினைக்கின்ற வாதம், நாம் தூங்குகின்ற இடத்தில் எல்லாம் உயிரோடு எழுந்து வருகின்றது.

சிலர் ஆட்சேபங்கள் சொல்லுகின்றார்கள். அவைகளுக்கும் பதில் சொல்லுகின்றோம்.

“கேவியட் போட்டு, எதிரிக்குத் தபாலும் அனுப்பினால், சும்மா இருக்கின்றவனை அப்பீலுக்குப் போ என்று நாமே கிளப்பிவிடுவதாகாதா?” என்கின்றார்கள். தோற்றவனுக்கு அப்பீல் ஞாபகம் வர உங்கள் தபாலா வேண்டும்? அவனுடைய வக்கீல் கோர்ட்டுப் படி இறங்கும்போதே அதைச் சொல்லிவிட்டார்.

“வம்பு வளர்ப்பானேன்?” என்கின்றார்கள். கேவியட்டில் யாரையும் வைவதில்லை, யாரிடமும் எதையும் பிடுங்குவதில்லை. என்னையும் கேளுங்கள் என்பது வம்பானால், மனிதனாய்ப் பிறந்ததே வம்புதான்.

“நியாயம் இருந்தால் தானே ஜெயிக்கும், ஆண்டவன் பார்த்துக் கொள்வான்” என்கின்றவர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். கோர்ட்டில் டவாலிச் சேவகன் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிடுகின்றான். இது வரையில் எந்த வழக்கிலும் “ஆஜர்” என்று ஆண்டவன் குரல் கொடுத்ததாக ஒரு டைரிக் குறிப்பும் இல்லை. அங்கே குரல் கொடுக்க வேண்டியவன் கட்சிக்காரன், அல்லது அவனுடைய வக்கீல்.

“இதெல்லாம் பணக்காரன் வேலை” என்பது கடைசி ஆட்சேபம். தலைமுறை தலைமுறையாய் வக்கீல் குமாஸ்தாவும் பத்திர எழுத்தும் பழகிய குடும்பங்கள் இதைத் தாய்ப்பாலோடு குடித்திருக்கின்றன என்பது உண்மைதான். நம்மவர்களுக்குச் சொல்ல ஆளில்லை என்பதும் உண்மைதான். ஆனால் வழியில்லை என்பது உண்மையல்ல. 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் அதிகாரச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பார்க்கும் வருமானம் எவ்வளவு என்று கேளாமலே இலவச வக்கீல் உதவி உண்டு. ஜில்லாதோறும் அதற்கென்று சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கின்றது. சமயபுரத்துக்கு வழி கேட்காமல் போகத் தெரிந்தவர்களுக்கு அந்த அறைக்கு வழி கேட்க என்ன வெட்கம்?

ஆகவே, டிக்ரி கிடைத்தவர்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லுகின்றோம். கத்தரித்து டிக்ரியோடு வைத்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, தீர்ப்புச் சொன்ன அன்றே நகலுக்கு மனுப் போடுங்கள். தோற்றவன்தான் நகல் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இரண்டாவது, அப்பீல் எந்தக் கோர்ட்டுக்குப் போகும் என்று வக்கீலிடம் கேளுங்கள். ஜில்லாக் கோர்ட்டா, அய்க்கோர்ட்டின் மதுரைக் கிளையா என்பது வழக்கின் மதிப்பையும் தீர்ப்புச் சொன்ன கோர்ட்டையும் பொறுத்தது. திருச்சியில் போட்ட கேவியட் மதுரையில் காவல் நிற்காது. சந்தேகமிருந்தால் இரண்டு இடத்திலும் போடுங்கள்.

மூன்றாவது, எதிரியின் பெயர், விலாசம், வழக்கு நம்பர் ஆகியவை டிக்ரியில் உள்ளபடியே இருக்கட்டும். எதிரிகள் நாலு பேரானால் நாலு பேர் பெயரும் வேண்டும். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்க்கப்பட்டுவிட்டபடியால், ஒப்புச்சீட்டு வரும்படி எப்படி அனுப்புவது என்று கேட்டு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நாலாவது, 90 நாள் கணக்கை மறக்காதீர்கள். இங்கேதான் ஜாக்கிரதைக்காரனும் ஏமாறுகின்றான். ஜில்லாக் கோர்ட்டு அப்பீலுக்கு 30 நாள், அய்க்கோர்ட்டு அப்பீலுக்கு 90 நாள் என்று காலவரைச் சட்டம் சொல்லுகின்றது. ஆனால் நகல் தயாராகப் பிடித்த நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. தாமதத்தை மன்னிக்கும்படி 5-வது பிரிவில் மனுப் போடவும் இடமுண்டு. ஆகையால் உங்கள் கேவியட் செத்த மறுநாள் அவனுடைய அப்பீல் பிறக்கலாம். 90 நாள் முடியுமுன்பே புதிதாக ஒன்று போட்டு வையுங்கள்.

அய்ந்தாவது, ஆவணிக்கும் தைக்கும் காத்திராமல் டிக்ரியை நிறைவேற்ற மனுப் போடுங்கள்.

ஆறாவது, வழக்கில் பாதி ஜெயித்துப் பாதி தோற்றிருந்தால், எதிரியின் அப்பீல் நோட்டீசு கிடைத்த ஒரு மாதத்துக்குள் தோற்ற பாதிக்கு நீங்களும் எதிர் ஆட்சேபம் போடலாம். நோட்டீசை வாங்கிப் பரணில் போட்டுவிட்டால் அந்த உரிமையும் பரணுக்குப் போய்விடும்.

ஏழாவது, கேவியட் இருந்தும் உங்களைக் கேளாமல் ஸ்டே வந்துவிட்டால், அது தானே செல்லாமற் போகும் என்று வீட்டில் உட்கார்ந்திராமல், உடனே அதை நீக்கும்படி மனுப் போடுங்கள். ஏற்கெனவே ஸ்டேயில் மாட்டிக் கொண்டவர்களும் நீக்கும்படியோ, வாடகையைக் கோர்ட்டில் கட்டச் சொல்லும்படியோ இன்றைக்கும் கேட்கலாம். பாலக்கரை அம்மாளும் அந்த மனுவைத்தான் இப்பொழுது போட்டிருக்கின்றார். நாலு வருஷம் தாமதித்து நாம் சொன்ன யோசனை அது, வெட்கத்தோடுதான் சொல்லுகின்றோம்.

கடைசியாக ஒன்று. இதை ஒரு வக்கீல் குறிப்பு என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நம்மைக் கூப்பிடாமல், நம் பக்கத்தைக் கேளாமல், நம்மைப் பற்றி ஒருவன் எழுதிக் கொண்ட உத்தரவுக்குத்தான் கோர்ட்டில் எக்ஸ்பார்ட்டி உத்தரவு என்று பேர். மனுதர்மம் என்பது வேறென்ன? நாலாம் ஜாதி என்று நம்மை எழுதிய அன்று எவனாவது நம்மைக் கேட்டானா? பெண்ணுக்குச் சுதந்திரமில்லை என்று எழுதிய அன்று ஒரு பெண்ணையாவது கூப்பிட்டு விசாரித்தானா? இரண்டாயிரம் வருஷத்து எக்ஸ்பார்ட்டி உத்தரவை நீக்கும்படி மனுப் போட்டுக் கொண்டு நிற்பதுதான் சுயமரியாதை இயக்கத்தின் வேலை. அப்படிப்பட்ட இயக்கத்தார் தங்கள் சொந்த வீட்டு விஷயத்தில், கேட்பாரில்லாமல் ஓர் உத்தரவு வர இடங்கொடுத்துவிட்டுத் தூங்கினால், மேடையில் பேசிய பேச்செல்லாம் என்னத்துக்கு ஆகும்?

ஆகவே தோழர்களே, இனி நம் ஊரில் எவரேனும் வழக்கில் ஜெயித்து வந்தால், சால்வை வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். “கேவியட் போட்டாயிற்றா? தேதி என்ன? எந்தக் கோர்ட்டில்?” என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வந்தபின் சால்வை போர்த்துங்கள். நாமும் வந்து கைதட்டுகின்றோம்.